மணிக்கட்டு அண்ணன்

உங்கள் கையில் இருப்பது நல்ல கடிகாரம்தான், ஐயா. மணி சரியாகக் காட்டுகிறது, அதற்குமேல் என்ன வேண்டும்? நானே கடிகாரம் கட்டுவதில்லை. "ஊருக்கெல்லாம் ஆசையக் கெளப்பிவிட்டுட்டு நீங்க மட்டும் செல்போன்ல மணி பாருங்க" என்று என் மனைவி கேலி செய்வாள். விளம்பரம் எழுதுகிறவன் விளம்பரத்தில் மயங்கமாட்டான். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் விளம்பரம் எழுதிய கடிகாரத்தின் விலைக்கு ஒரு வீடே வாங்கலாம். உள்ளே என்ன ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. படத்தில் இருக்கும் கையைத்தான் பார்க்கிறார்கள். வெள்ளைச் சட்டை, நரம்போடிய மணிக்கட்டு, அவ்வளவுதான். முகம் கிடையாது. முகம் இல்லாவிட்டால் பார்க்கிறவர் தன் முகத்தை ஒட்டவைத்துக்கொள்வார். பரம்பரைப் பணக்காரனின் கை என்று எல்லோரும் நம்பினார்கள்.

அந்தக் கைக்காரர் மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒண்டிக்குடித்தனம் இருந்தார். ஸ்டூடியோவில் மணிக்கட்டு அண்ணன் என்போம். கை கறுத்துவிடும் என்று உறை மாட்டிக்கொண்டுதான் பஸ் ஏறுவார். வீட்டில் ஒரு டம்ளர் கழுவமாட்டார், அண்ணி திட்டித் தீர்ப்பார். தங்கமான மனுஷன். எனக்கு அவர்மேல் கோபமே இல்லை.

அன்று மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். அண்ணன் வாயெல்லாம் பல்லாக வந்தார்.

"தம்பி, டிவியில வரப்போறேன். முகத்தோட."

"என்ன விளம்பரம்ணே?"

"சொறி களிம்பு. இதே கையச் சொறிஞ்சுக்கிட்டே சிரிக்கணும்."

வேண்டாம் என்று எடுத்துச் சொன்னேன். கெஞ்சினேன். அந்தக் கையை நம்பி வாங்கியவர்கள் அதில் சொறியைப் பார்த்தால் என்ன ஆவார்கள்?

"அட போப்பா. பிளாட்பார வாட்ச்சும் இதே மணியத்தான் காட்டுது. என் புள்ளைங்க என் மூஞ்சிய ஒரு தடவையாவது டிவியில பாக்கட்டுமே."

கடிகாரத்தை வைத்துப் படமெடுக்கும் பளிங்குக்கல் ஒன்று மேசையில் கிடந்தது. அதை எடுத்து முகத்தில்தான் அடித்தேன். விழுந்தவர் கையைத் தூக்கி மறைத்தார். கையில் பட்டுவிடக் கூடாதே என்று அதை ஓரமாக விலக்கி வைத்துவிட்டு மேலும் அடித்தேன். மூக்கு, தாடை, பிறகு கண்கள். யாருடைய முகம் என்று தெரியாமல் போன பிறகு நிறுத்தினேன். கையில் ஒரு கீறல் இல்லை, உங்கள் டாக்டரே எழுதியிருப்பார்.

அப்புறம் அந்தக் கையைத் துடைத்துக் கடிகாரத்தைக் கட்டிவிட்டேன். திருகை இழுத்து முட்களைப் பத்து மணி பத்து நிமிடத்தில் நிறுத்தினேன். விளம்பரங்களில் அப்படித்தான் வைப்போம். முள் கம்பெனி பெயரை மறைக்காது, பார்க்கச் சிரித்த முகம் மாதிரியும் இருக்கும். பழக்கதோஷம். திருடன் வந்தான், கடிகாரத்தைக் கழற்ற நேரமில்லாமல் ஓடிவிட்டான் என்று நான் சொன்னதை நீங்கள் நம்பத்தான் பார்த்தீர்கள். மத்தியானம் செத்தவர் கையில் பத்து பத்தைக் கண்டதும் என் பக்கம் திரும்பிவிட்டீர்கள்.

ஆமாம், நான்தான் கொன்றேன். ஆத்திரத்தில் செய்யவில்லை. தொழிலுக்காகச் செய்தேன்.

ஒரே ஓர் உதவி. கேமராவில் கடைசியாக இருக்கும் படம் நான் எடுத்தது. அந்தக் கை இவ்வளவு அழகாக வந்ததே இல்லை. கோர்ட்டில் காட்டுவதானால் மேல்பக்கத்தை வெட்டிவிட்டுக் காட்டுங்கள். பார்த்தால் உங்களுக்கே புரியும், ஐயா. அது பெரிய வீட்டுப் பிள்ளையின் கை. அதற்கு முகம் என்று ஒன்று இருந்ததே இல்லை.