உலகம்மை திருப்பித் தந்த பட்டம்

அவைத் தலைவர் குத்தாலிங்கம் அண்ணாச்சி அவர்களே, பம்பாயிலிருந்து வந்திருக்கும் டாக்டர் மசூது அவர்களே, மேலகரத்திலிருந்தும் குற்றாலத்திலிருந்தும் நனைந்துகொண்டே வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

டாக்டர் உலகம்மை என்றே இங்கே சொல்லப்போகிறேன். என் மகள் என்று தொடங்கினால் மேற்கொண்டு பேச்சு எழாது. போன மாதம், வானத்தை ஆராய அவர் போயிருந்த தொலைநோக்கி மலையிலிருந்து அவரை இறக்கி வந்த ஜீப் கவிழ்ந்தது. என் காரியத்துக்கு வரவேண்டியவர் அவர். அவர் காரியத்தை நான் செய்துவிட்டு நிற்கிறேன். இது எந்த ஊர் நியாயம்!

இன்றைய இரங்கல் தீர்மானத்தில் 'கருந்துளை கண்ட தென்காசித் தமிழ்மகள்' என்று எழுதியிருக்கிறீர்கள். பள்ளிச் சுவரில் கல்லிலும் அதையே பொறிக்கப்போகிறீர்களாம். நான் அதை ஏற்கவில்லை.

வானத்தில் அவர் ஆராய்ந்தது அகச்சிவப்பு, அதாவது கண்ணுக்குத் தெரியாத வெப்ப ஒளி. நம் சாரலின் ஈரம் அதை விழுங்கிவிடும். "ஐந்தருவிக்குப் பக்கத்துல பொறந்தவ இந்த வேலைக்கே வரக்கூடாதும்மா" என்பார். ஆனாலும் சாரல் பருவத்துக்கு லீவு போட்டு ஊருக்கு வந்துவிடுவார். இந்த ஆண்டும் சாரல் வந்துவிட்டது.

தூசி மூடிய தொலைதூர விண்மீன் மண்டலம் ஒன்றிலிருந்து அந்த வெப்பம் கொட்டியது. உள்ளே எரிவது என்ன? அருகில் வந்ததையெல்லாம் விழுங்கும் கருந்துளையா? புதிதாகப் பிறக்கும் விண்மீன்களா? கருந்துளைதான் என்று எண்பத்தைந்தில் அறிவித்தார். நீங்கள் வாழைமரம் கட்டிப் பாராட்டு விழா வைத்து, 'கருந்துளை கண்ட தென்காசித் தமிழ்மகள்' என்று அன்றே பட்டம் கொடுத்தீர்கள். விழாவுக்குச் சற்று முன்புதான் தவறு தெரிந்தது. அந்த வெப்பத்தை அளந்த செயற்கைக்கோளின் அகன்ற பார்வையில், குறுக்கே இருந்த சாதாரண விண்மீன் ஒன்றின் வெப்பமும் கலந்திருந்தது. அதைக் கழித்தால் கருந்துளைக்கு ஆதாரமே இல்லை. மிஞ்சியது விண்மீன்கள் பிறக்கும் வெப்பம்.

மாலை விழுந்த கழுத்தோடு மேடையிலேயே அதைச் சொன்னார். யார் சொல்வார்கள்!

"ஏட்டி உலகம்மை, இம்புட்டுப் பந்தல் போட்ட பொறவா இல்லைங்கே?" என்றார் அண்ணாச்சி.

"பந்தலுக்காவ வானத்தை மாத்த முடியுமா அண்ணாச்சி? பிள்ளை பெறுத வீட்டைப் பாத்து பூதம் இருக்குன்னு சொல்லிட்டேன். தப்பு எம்மேலதான்."

"அப்பம் மாலையக் கழட்டு."

"மாலையத் தரமாட்டேன். பட்டத்தை நீங்களே வச்சுக்கிடுங்க."

எல்லோரும் சிரித்தீர்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதார். கதவுக்கு வெளியே நான் நின்றேன். மறுநாள் திருத்தத்தை ஆய்விதழுக்கு அனுப்பினார்.

தீர்மானத்தில் அந்தப் பட்ட வரியை மாற்றும்படி இன்று காலை கேட்டேன். "சாவு விழுந்த துட்டி வீட்டுல யாரு ஆச்சி கணக்குப் பாக்கா? பிள்ளைக்குப் பெருமையா இருக்கட்டுமே" என்றார் அண்ணாச்சி. அன்பில்தான் சொன்னார். ஆனால் தன் வாயால் வேண்டாம் என்றவர் கழுத்தில், வாய் மூடிய பிறகு அதையே மாட்டலாமா? மறுத்துப் பேச அவர் எங்கே!

டாக்டர் மசூது, அவரோடு சேர்ந்து ஆய்வு செய்தவர் நீங்கள்; அவர் அளக்காமல் விட்ட மண்டலங்களை நீங்கள் அளந்து முடியுங்கள். அவர் முடிவு தவறென்று கண்டால், இறந்தவராயிற்றே என்று இரங்காதீர்கள். எழுதுங்கள். எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. அவர் பெயரோடு பொய் ஒட்டாமல் காப்பேன். உயிருள்ளவரை அது என் வேலை.

தீர்மானத்தை இப்படித் திருத்தி முன்மொழிகிறேன்: 'விண்மீன்கள் பிறக்கும் இடத்தைக் கண்டவர். முதலில் கருந்துளை என்று தவறாகச் சொல்லி, அதைத் தாமே திருத்தியவர்.'

வாசியுங்கள் அண்ணாச்சி. வாசித்து முடிக்கும்வரை பெற்றவள் இங்கேயே நிற்பேன்.