இடக்கை ஆசானின் ஜாடி

கரண்டிகள் போட்டு வைக்க எங்கள் வீட்டில் இப்போது ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கிறது. முன்பு ஒரு கண்ணாடி ஜாடி இருந்தது. காட்சிக்கூடத்தார் விசாரணைக்கென்று உங்களை அனுப்பியிருப்பது அதைப் பற்றித்தான் என்றால், தாராளமாகக் கேளுங்கள் மேடம். மறைத்துப் பேசும் பழக்கம் எனக்கில்லை. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள்.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். பெயர் பொறிக்காத கண்ணாடிச் சாமானை என் முன்னால் கொண்டுவந்து வைப்பார்கள். நான் விளிம்பைத் தடவி, வெளிச்சத்தில் திருப்பி, அடியைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, இதை ஊதிச் செய்தவர் இன்னார் என்று சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் வாயிலிருந்து வரக் கூடாத வார்த்தை ஒன்றுதான்: தெரியவில்லை. நான் மட்டுமில்லை, காட்சிக்கூடத் தலைவர், பேராசிரியர், ஏலக்கடைக்காரர், யாருமே அதைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் மறுநாளிலிருந்து எவரும் மதிக்க மாட்டார்கள்.

அந்த ஜாடி தலைவரின் மேசைக்கு வந்தது. கடல் பச்சை நிறம். உடம்பில் வெள்ளைக் கோடுகள் வழக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கமாகச் சுற்றி ஏறின. இடது கைப் பழக்கம் உள்ளவரின் வேலை. அடியில் பெயர் இல்லை, சொரசொரப்பாக ஒரு வட்டம் மட்டும் இருந்தது.

"யாரோட வேலை இது?" என்றார் தலைவர்.

"இடக்கை ஆசான்" என்றேன்.

அப்படி ஒருவரைப் பற்றி அந்த நிமிஷம் வரை நானே கேள்விப்பட்டதில்லை. வாயில் வந்தது, விட்டேன். அவர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

"நானும் அதைத்தான் நெனச்சேன். நீங்க சொல்லட்டுமேன்னு இருந்தேன்."

அத்தோடு முடிந்திருக்கும், பேராசிரியர் சும்மா இருந்திருந்தால். அவர் ஆசானின் பிற்காலப் பாணி பற்றி ஒரு கட்டுரை எழுதிவிட்டார். முற்காலம் எப்போது முடிந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. ஏலக்கடைக்காரரோ, தன் பெரியப்பாவும் ஆசானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தவர்கள் என்றார். அடியில் இருந்த சொரசொரப்புக்கும் பேராசிரியரிடம் பதில் இருந்தது. "தன் பேரையே தேய்ச்சு அழிச்சுட்ட மனுஷன்யா" என்று அவர் கூட்டத்தில் சொன்னபோது நாலு பேர் மூக்கை உறிஞ்சினார்கள். எனக்கும் கண் கலங்கியது. ஜாடிக்குத் தனி அறை கிடைத்தது, மேலே விளக்கு, கீழே ஆசான் பெயர் பொறித்த பித்தளைத் தகடு.

இதில் யாருக்கு என்ன நஷ்டம்? எல்லோரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம், என் கொழுந்தியாள் காட்சிக்கூடத்துக்கு வரும்வரை.

என் மனைவியின் தங்கை கண்ணாடி ஊதுகிறவள். ஒரு பழைய லாரி ஷெட்டில் உலை போட்டிருக்கிறாள். இடது கைக்காரி. ஜாடியைப் பார்த்துவிட்டு அங்கிருந்து நேராக என் மேசைக்கு வந்து நின்றாள்.

"அத்தான், அது அக்காவுக்கு நான் குடுத்த ஜாடி. உங்க வீட்ல கரண்டி போட்டு வெச்சிருந்தீங்களே."

"அதே மாதிரி இருக்கும்மா. ஆசானோட வேலையப் பாத்து நீ கத்துக்கிட்டிருப்பே."

"எந்த ஆசான்? அடியில என் பேரு இருந்துச்சே அத்தான்."

இருந்தது. நான் இல்லையென்று சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி கண்ணயர்ந்த நேரத்தில், உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து நனைத்து நான்தான் தேய்த்து எடுத்தேன். தோள்பட்டை விட்டுப்போயிற்று. யார் கொடுத்தது என்று சொல்லாமல் தலைவரின் மேசைக்கு அனுப்பிவைத்ததும் நான்தான்.

அவசரப்பட்டு முகத்தைச் சுளிக்காதீர்கள். போன வருஷம் இதே ஜாடியை, அவள் பெயரோடு, இதே தலைவரிடம் காட்டினேன். கவிழ்த்துப் பெயரைப் படித்தார், ஜாடியைப் பார்க்கவில்லை. "யாரு இந்தப் பொண்ணு? நல்லாத்தான் இருக்கு, கரண்டி போட்டு வெக்கலாம்" என்றார். அப்படியே செய்தோம். பெயர் போனபிறகு அதே மனிதர் அதே ஜாடியின் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். அவள் ஜாடிக்கு ஒரு அறை வாங்கிக் கொடுத்தது யார்? நான். அதற்கு நன்றி சொல்லத் தோன்றவில்லை அவளுக்கு.

ஒரு கல்யாண வீட்டில் எல்லோர் முன்னிலும் அவள், "அத்தானுக்குக் கண்ணாடியப் பத்தி எல்லாம் தெரியும், ஊதத்தான் தெரியாது" என்று சொல்லிச் சிரித்திருக்கிறாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது.

அவள் விடவில்லை. கடைசியில் தலைவரே ஒரு வழி சொன்னார். எல்லோர் முன்னிலையிலும் அவள் அதே போன்ற ஜாடியைச் செய்து காட்ட வேண்டும். ஒத்துப்போனால் தகட்டில் அவள் பெயர் வரும், அவள் வேலைகளுக்கென்று ஒரு கண்காட்சியும் நடக்கும். இல்லையென்றால் ஆசானை அவமதித்தவள் என்று ஊரே பேசும், அப்புறம் அவளிடம் யாரும் ஒரு விளக்குக் கூடுகூடச் செய்யச் சொல்ல மாட்டார்கள். ஒத்துப்போகிறதா என்று சொல்ல வேண்டியவன் நான்தான்.

அன்று அவள் ஊதியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். குழாயை உருட்டும் கை ஒரு கணமும் நிற்கவில்லை. பச்சை உருண்டை உப்பிக்கொண்டே வந்தது, வெள்ளைக் கோடுகள் எதிர்ப்பக்கமாகவே சுற்றி ஏறின. நான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். பொறாமையா என்று கேட்பீர்கள். சந்தோஷம்தான் என்று நினைக்கிறேன்.

செய்த ஜாடியை உடனே வெளியே வைக்க முடியாது. ஆறவைக்கும் சூளையில் விடிய விடிய மெதுவாக ஆற வேண்டும். அவசரமாக ஆறினால் கண்ணாடி உள்ளுக்குள்ளேயே முறுக்கிக்கொள்ளும், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சூளையை மூடிவிட்டு எல்லோரும் டீ குடிக்க வெளியே போனார்கள். நான் டீயைக் குறைத்திருக்கிறேன். சூளைக்குப் பின்பக்கம் ஒரு காற்றுத் துளை உண்டு. அதன் மூடியைக் கழற்றினேன். சூட்டையும் அணைத்தேன். ஷெட்டில் ரொம்பப் புழுக்கமாக இருந்தது.

மறுநாள் காலை அவள் ஜாடியை எடுத்து மேசையில் வைத்தாள். முழுசாக இருந்தது. என்னைப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். விளிம்பிலிருந்து அடிவரை பிளந்து ஜாடி இரண்டாக விழுந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"கோடெல்லாம் சரிதான்" என்றேன், "நல்லா காப்பியடிச்சிருக்கா. ஆனா ஆசானோட ஜாடி எதுவும் வெடிச்சதா சரித்திரமே இல்ல."

பேராசிரியர் அதை ஆமோதித்தார். தலைவர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

அந்த வாரமே அவள் உலையை அணைத்தாள். உலை போட்ட நாளிலிருந்து அணைக்காமல் வைத்திருந்த நெருப்பு அது. அக்காவும் தங்கையுமாக ஷெட்டைக் கூட்டிப் பெருக்கியபோது சூளைக்குப் பின்னாலிருந்து ஒரு பூதக்கண்ணாடி கிடைத்ததாம். மனைவி அதைக் கொண்டுவந்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதுல பேரு எதுவும் போடலைங்க. யாரோடதுன்னு கண்டுபிடிங்க, பாப்போம்."

கைப்பிடியில் என் கட்டைவிரல் தேய்த்த பள்ளம் அப்படியே இருந்தது. என் வாழ்க்கையில் முதல் தடவையாக, தெரியவில்லை என்று சொன்னேன். அவள் காட்சிக்கூடத்துக்கு போன் செய்யப் போய்விட்டாள்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள் மேடம். ஜாடி என் கொழுந்தியாள் செய்தது. அவள் பெயரை அழித்தது நான். சூளையில் கை வைத்ததும் நான். ஆசான் என்று ஒருவர் பிறக்கவே இல்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

இதை மட்டும் கீழே சேர்த்துவிடுங்கள்: அது ஆசான் ஊதிய ஜாடியாக இருந்திருந்தால், நான் மூடியைக் கழற்றியும் வெடித்திருக்காது.