பத்தாவது பாட்டுக்கு முன்னால்

எனக்குக் காபியில் சர்க்கரை ஆகாது, மிஸ் ஆல்வரெஸ். நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் பழைய நாடாவைப் பற்றி நீங்கள் எழுதிய கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன்.

பழைய ஒலிநாடாக்களைக் குறுந்தகடாக்குகிறவர்களில் உங்களைப்போல் காது கொடுத்துக் கேட்டவர் இல்லை. எங்கள் காட்டன்வுட் ஃபைவ் குழுவின் முதல் ஆல்பத்தில் பாட்டுகளுக்கு முன்னால் ஒரு ‘டக்’ வரும். கவ்பாய் பாட்டோடு ராக்கைக் கலக்க எங்களிடம் கற்றுக்கொண்ட பையன்கள், அந்த ‘டக்’கையும் சேர்த்தே காப்பியடித்தார்கள்.

அது இசையே இல்லை. நான் ஸ்டீல் கிட்டார் கம்பிகள்மேல் நகர்த்தி வாசிக்கும் இரும்புக் கட்டையின் சத்தம். 1968இல் ஸ்டூடியோ மின்சாரத்தை நம்ப முடியாது. கிட்டாரைப் பிடித்தபடி உதட்டை மைக்கில் வைத்தால் ஆளையே அடித்துப்போடும். அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் முன்பு பாடகன் லோனியின் கிட்டார் கம்பியையும் மைக்கையும் அந்தக் கட்டையால் சேர்த்துத் தொடுவேன். பொறி பறந்தால், கிட்டார் ஒலிபெருக்கியின் பிளக்கை உருவி, முனை மாற்றிச் செருகுவேன்; அப்புறம் ஷாக் அடிக்காது. பேக்கர்ஸ்ஃபீல்ட் ஊர்ச் சாராயக் கடைகளில் பதினெட்டு வருடம் வாசித்ததில் வந்த பழக்கம். லோனிக்கு இருபத்திரண்டு வயது. என் கையைத்தான் நம்பினான்.

ஒன்பது பாட்டு முடிந்து மதியம் சாப்பிடும்போது சொன்னான்: “கோவிச்சுக்காதண்ணே. ஊர் ஊரா வாசிக்கப் போறப்ப வேற ஆளக் கூட்டிட்டுப் போறோம். உன் ஜிகினா கோட்டப் பாத்து பசங்க சிரிக்கிறானுங்க. நீ உன் குடிகாரனுங்களுக்கே வாசி.” சொல்லிவிட்டு, தன் டாக்கோவில் பாதியை என் தட்டில் வைத்தான்.

எனக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. நாற்பத்தொரு வயதில் திரும்ப அந்தக் கடைகளுக்கா? டாக்கோவைத் தொடாமல் எழுந்து போனேன்.

பத்தாவது பாட்டுக்கு முன்னால் நாடாவில் நீங்கள் கேட்டது சரி. “தொட்டுப் பாத்தியாண்ணே?” என்கிறான். “பாத்துட்டேன், பாடு” என்கிறேன். அங்கே ‘டக்’ இல்லை. அவன் மூச்சை இழுப்பது கேட்கிறது, அதோடு சரி; உதடு மைக்கில் பட்டதுமே ஷாக் அடித்துச் செத்துப்போனான். விபத்து என்று போலீஸ் எழுதிக்கொண்டது. அந்தப் பாட்டைப் பிறகு நானே பாடி முடித்தேன். ஊர் ஊராகவும் நான்தான் போனேன்.

அன்றிலிருந்து யாராவது ஒன்பது ‘டக்’கை எண்ணிவிட்டுப் பத்தாவதைத் தேடுவார்களோ என்று பயம். ரேடியோவில் அந்தப் பத்தாவது பாட்டு வந்தால் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, முடியும்வரை காதைப் பொத்திக்கொள்வேன்.

தொட்டுப் பார்க்காமலே பார்த்ததாகப் பொய் சொன்னேனா என்று எழுதிக் கேட்டிருந்தீர்கள். அதுதான் என் மனதைப் புண்படுத்திவிட்டது. மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நாடா ஓடத் தொடங்குமுன்பே, நான் தனியாகப் போய்த் தொட்டுப் பார்த்தேன். நீலப் பொறி பறந்தது. பிளக்கை அப்படியே விட்டுவிட்டு வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன். லோனியிடம் நான் ஒருநாளும் பொய் சொன்னதில்லை, மிஸ் ஆல்வரெஸ்.