கமராவுக்குக் கடைசி இடம்

வீட்டில் இன்டர்நெட் மெதுவாக ஓடினால் எல்லோரும் கம்பனிக்காரனைத்தான் ஏசுகிறார்கள். பாவம், அவன் என்ன செய்வான்? எந்தச் சாமானுக்கு முதலிடம் என்று நாம் ரவுட்டரில் போட்டு வைத்தால், கிடைக்கிற வேகமே தாராளம். தங்கச்சி எனக்கு இதைச் சொல்லித் தந்தவரே நீங்கள்தான், நானா. உம்மா மௌத்தாகி நம்மை விட்டுப் போன அன்று காலை, கமராப் படம் ஏன் அசையாமல் நின்றது என்று கட்டாரிலிருந்து வந்த கையோடு கேட்கிறீர்கள். ஒளிக்காமல் சொல்கிறேன்.

உம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனதும் கமராவை அனுப்பி வைத்தீர்கள். அங்கிருந்தே உம்மாவைப் பார்க்க ஆசைப்பட்டீர்கள். அதில் நான் குறை காணவில்லை. ரவுட்டரின் பக்கத்தைப் போனில் திறக்கச் சொல்லி, கமராவை முதலிலும் என் போனைக் கடைசியிலும் போட வைத்தீர்கள். இந்தக் கரைத்தீவு வீட்டில் இருப்பது ஒரே அறை; குசினி மூலையும் பின்கதவும்கூடக் கமராவுக்குத் தெரியும். நான் எழும்பி நடந்தால் கமராவும் என் பின்னால் திரும்பும். "தங்கச்சி, உம்மாவத் திருப்பிப் படுக்க வெய்" என்று அதற்குள்ளிருந்து சொல்வீர்கள். திருப்பிப் படுக்க வைப்பேன்.

ஒருநாள் குளித்துவிட்டு ஈரத்தலையோடு உள்ளே வந்தேன். கமராவிலிருந்து யாரோ ஓர் ஆண், "சிஸ்டர், உம்மாக்கு இப்ப சொகமா?" என்று கேட்டார். கட்டாரில் உங்கள் அறையில் இருப்பவர். நல்ல மனிதராகத்தான் இருப்பார். உம்மாவின் போர்வையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன்.

கமராவைக் கழற்ற விடும்படி உங்களிடம் கெஞ்சினேன். "என்ட ரூம் ஆக்கள் நல்ல மனிசன்மார். நீ தலைய மூடிக்கிட்டா சரிதானே" என்றீர்கள். மூடிக்கொண்டேன். சமைக்கும்போதும் மூடினேன், படுக்கும்போதும் மூடினேன். உம்மாவைக் கழுவும்போது மறைப்புக்காகப் போர்வையின் ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொள்வேன். முடி காயாமல் புழுங்கித் தலையில் புண் வந்தது. வயரைக் கழற்றினால் உங்கள் போன் சத்தம் போடும். நீங்கள் பக்கத்து வீட்டு றிஸ்மினா ராத்தாவை அனுப்புவீர்கள். "ஒன்ட நானா கேக்குறாரு, கமராவ ஏன் புள்ள நிப்பாட்டின?" என்று அவர் வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்ப்பார்.

பிறகு அந்தக் கரண்ட் வெட்டுக் காலம் வந்தது. நாடே ஏசியது, எனக்கு மட்டும் பெருநாள். கரண்ட் போனதும் பின்கதவுப் படியில் குந்தி, முடியை அவிழ்த்துக் களப்பின் உப்புத் தண்ணீர்க் காற்றில் விடுவேன். வெட்டு நின்ற அன்று தெருவெல்லாம் சந்தோஷப்பட்டது. நான் குசினி மூலையில் இருந்து அழுதேன். இனி மூச்சு விடவும் இடமில்லை என்று பட்டது.

அப்போதுதான் ரவுட்டர் நினைவுக்கு வந்தது. என் போனை முதலில் போட்டேன், கமராவைக் கடைசியில் போட்டேன். அது மட்டும் போதாது. முன்னால் கூட்டம் இருந்தால்தானே கடைசியில் நிற்பவன் காத்திருப்பான்? உங்கள் கலியாண வீடியோ பெரியது. அதை என் போனிலிருந்து இன்டர்நெட்டில் ஏற்ற விட்டேன். கமரா வேலை செய்வதாகவே உங்களுக்குக் காட்டியது. என் போனிலும் திறந்து பார்த்தேன்; படம் மட்டும், உம்மா கண்மூடிப் படுத்திருந்தபடி நின்றுபோனது. "லைன் சரியில்ல போல" என்றீர்கள். "ஓம் நானா" என்றேன்.

முதலில் அரை மணித்தியாலம்தான். போகப்போகப் பின்னேரம் முழுவதும் என்றாயிற்று. உங்கள் போனில் உம்மா நிம்மதியாக உறங்கினார். இங்கே, "நபீ... நபீ..." என்று பாதி நாக்கால் என் பெயரைக் கூப்பிடுவார். பெரும்பாலும் தண்ணீருக்குத்தான். படியில் இருந்த எனக்கு நன்றாகவே கேட்கும். எழும்பிப் போயிருக்கலாம். ஆனால் அது என்னுடைய நேரம். அது ஒன்றைத் தவிர என்னிடம் வேறு எதுவும் இல்லை, நானா.

எதைக் கொடுத்தாலும் நிமிர்த்தி இருத்திக் கொடுக்க வேண்டும், படுக்கையில் கொடுத்தால் புரையேறும் என்று டொக்டர் சொன்னது நம் இருவருக்கும் தெரியும். அன்று காலை படுக்கையில் வைத்தே கஞ்சி கொடுத்தேன். உம்மா இருமினார். நான் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டுப் படிக்குப் போனேன். இருமல் கொஞ்ச நேரம் கேட்டது. அது நின்ற பிறகும் முடி காயும்வரை இருந்தேன்.

புரையேறிவிட்டது என்று ராத்தாவிடம் சொன்னேன். அது பொய்யில்லை. அவர் கட்டிப்பிடித்து, "நீ பார்த்த மாதிரி யாரு பார்ப்பா புள்ள" என்று அழுதார். நானும் அழுதேன், அதுவும் பொய்யில்லை. உம்மாவை நான் கைவிட்ட நாள் ஒன்றுகூட இல்லை, அன்று களைப்பில் மறந்துவிட்டேன், உம்மாவை நிமிர்த்தத் தெம்பில்லாமல் போயிற்று என்று இந்த நாற்பது நாளும் எனக்கே சொல்லிப் பார்த்தேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் நீங்கள் காலைப் படத்தைப் பற்றிக் கேட்கிறீர்கள். காலையில் நான் கமராவில் கைவைத்தது அன்று ஒருநாள் மட்டும்தான். அதைக் கடைசி இடத்துக்கு மாற்றி, கலியாண வீடியோவையும் ஏற்ற விட்டு, படம் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் கஞ்சிக்கு அரிசி களைந்தேன்.