ஆட்டர் கிரீக் பாலத்தின் முன் ஏழு நிமிடம்

மேற்கே மலை வெடித்து, வசந்தகாலத்தில் எங்கள் ஊர் வரைக்கும் சாம்பல் விழுந்த வருடம் அது. அதே வருடம்தான் செல்டன் மர ஆலையில் இரண்டாவது ஷிப்டை நிறுத்தினார்கள். நான் எண்களை எழுதிப் பழகாதவன். எந்த வருடம் என்பதை எழுதிக்கொள்ளும் அதிகாரி போட்டுக்கொள்ளட்டும். மாதம் ஆகஸ்ட், ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்கு முன்.

என் பெயர் ஹோபர்ட் டீஸ்டேல், தகப்பனார் ஏன்சல் டீஸ்டேல், வயது எண்பத்து நான்கு. ஐடஹோ மாநிலம், செல்டன், ஆலை ரோட்டின் கடைசி வீட்டில் வசிக்கிறேன். மரம் வெட்டும் வேலை பார்த்தவன். எழுதப் படிக்கத் தெரியாது.

ஆட்டர் கிரீக்கில் கட்டப்போகும் புதுப் பாலத்துக்கு வெண்டெல் ஆஸ்கார்ட் பெயரை வைக்கக் கூடாது என்று ஆட்சேபம் வந்திருக்கிறது; தீ வந்த அன்று அவர் ஏழு நிமிடம் வழியை மறித்தார் என்று பழைய அறிக்கையில் இருப்பதாக அதிகாரி எனக்கு வாசித்துக் காட்டினார். அது பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அன்று ஆட்டர் கிரீக் ஓடைக்கு மேலே இருந்த விடுமுறை முகாமில் ஒன்பது குடும்பங்கள், இருபத்திரண்டு பேர் இருந்தோம். எல்லாருமே பிக்கப் லாரிக்குப் பின்னால் சக்கரம் வைத்த வீட்டு வண்டியைக் கட்டி இழுத்து வந்தவர்கள். ஆஸ்கார்ட் ஆலையில் ரம்பம் ஓட்டுபவர், எனக்குப் பக்கத்து இடம். வானம் சாம்பல் நிறமானபோது மலைதான் மறுபடியும் துப்புகிறது என்று நினைத்து மீன் வறுத்துக்கொண்டிருந்தோம். அதன் பிறகு ஷெரிஃப் ஆபீஸ் ஆள் ஒருவர் ஜீப்பில் வந்து, மேட்டுக் காட்டில் தீ, உடனே கிளம்புங்கள் என்றார். வெளியே போக ஒரே வழிதான். இறக்கத்தில் இறங்கி, ஒரு வண்டி மட்டும் போகக்கூடிய மரப்பாலத்தைத் தாண்ட வேண்டும்.

வீட்டு வண்டி வைத்திருப்பவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு உண்டு. கிளம்பும் வேலையில் இருப்பவரிடம் யாரும் பேச மாட்டோம், காலை வணக்கம்கூடச் சொல்ல மாட்டோம். பேச்சு கொடுத்தால் எதையாவது விட்டுவிடுவார். நடுவில் தடைப்பட்டால் விட்ட இடத்தில் தொடரக் கூடாது, முதலிலிருந்து வர வேண்டும். வரிசை வீட்டுக்கு வீடு வேறு. ஆஸ்கார்ட் வீட்டில் பதினான்கு வேலை. மனைவி மார்லிஸ் ஒவ்வொன்றாகச் சொல்வார், அவர் அதைக் கையால் தொட்டுப் பதில் சொல்வார். கரண்ட் வயரைப் பிடுங்குவது எப்போதும் கடைசி. அதற்கு முன் மார்லிஸ் ஒரு கோப்பை சூடான காபி குடிப்பார். வயர் சுருட்டித் தொங்கினால் எல்லாம் முடிந்தது என்று அர்த்தம்.

இனி சொல்வதை இன்று வரை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் இரண்டு வயரும் முகாமின் ஒரே கரண்ட் கம்பத்தில் செருகியிருந்தன. ஆஸ்கார்ட், காது கேளாத குவிம்பி கிழவரைக் கூப்பிடப் போயிருந்தார். மார்லிஸ் வண்டிக்குள் பாத்திரங்களைக் கட்டிக்கொண்டிருந்தார். உதவி செய்வதாக நினைத்து என் வயரோடு அவர்கள் வயரையும் நானே பிடுங்கி, சுருட்டி, அவர்கள் வண்டிப் பக்கத்தில் வயர் தொங்கவிடும் கொக்கியில் மாட்டினேன். அதன் பிறகு ஆஸ்கார்ட் ஓடி வந்து வயரைப் பார்த்தார், மார்லிஸ் முடித்துவிட்டார் என்று நினைத்தார். மார்லிஸ் வெளியே வந்து வயரைப் பார்த்தார், புருஷன் முடித்துவிட்டார் என்று நினைத்தார். இருவரும் ஏறி முதல் ஆளாகக் கிளம்பினார்கள். நான் இரண்டாவது.

பாலத்துக்கு நாற்பது அடி முன்னால் அவர் பிரேக் போட்டார். மார்லிஸ் சொன்னது திறந்திருந்த சன்னல் வழியாக எனக்குக் கேட்டது: “வெண்டெல், நான் இன்னும் காபி குடிக்கலையே.”

ஆஸ்கார்ட் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கினார். மார்லிஸும் இறங்கி, அவருக்கு எதிரே, தீயைப் பார்த்தபடி நின்றார். ஆஸ்கார்டின் முதுகுதான் தீயின் பக்கம் இருந்தது.

நான் ஹாரனை அழுத்திப் பிடித்து, “யோவ் ஆஸ்கார்ட், பின்னாடி காடு எரியுது, உனக்கு இப்பத்தான் ஆன்டெனாவ மடக்க ஞாபகம் வருதா?” என்று கத்தினேன். என் பின்னால் இருந்த கிளீட்டஸ் பூன், “விடுப்பா, வண்டியப் பெருக்கித் துடைச்சுட்டுத்தான் வருவான்!” என்றான். எட்டு வண்டிகளும் ஹாரன் அடித்தன. ஜீப்காரர் ஓடி வந்து, “எடுய்யா வண்டிய, இல்லேன்னா ஆத்துல தள்ளிடுவேன்” என்றார்.

மார்லிஸ் குரலை உயர்த்தவில்லை. “என் வீட்டுக்காரர்கிட்ட இப்ப யாரும் பேசக் கூடாது” என்றார்.

அதன் பிறகு ஹாரன்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவர் சொன்னது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த கட்டுப்பாடு. ஜீப்காரருக்குத்தான் தெரியாது, ஆனால் அவரும் ஒதுங்கி நின்றார். மேலே மரங்கள் வெடிக்கும் சத்தம், கீழே தண்ணீர்ச் சத்தம், நடுவில் அந்த இரண்டு பேர் குரல்.

“கூரைச் சன்னல்?” “மூடியிருக்கு.” “கேஸ்?” “மூடியாச்சு.” “படி?” “மடிச்சாச்சு.”

முதலிலிருந்து வந்தார்கள், ஒன்றைக்கூடத் தாண்டவில்லை. மார்லிஸின் முன்கையில் எரிந்த இலை ஒன்று வந்து விழுந்தது. அவர் அதைத் தட்டிவிடவில்லை. கண்ணில் தீயின் சிவப்பு தெரிந்தது, குரலில் தெரியவில்லை. எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் உட்கார்ந்திருக்கிறேன், அப்படி ஓர் அமைதியை வேறெங்கும் நான் கண்டதில்லை. நான் தொப்பியைக் கழற்றியிருந்தேன். எப்போது கழற்றினேன் என்று தெரியாது.

பதினொன்றாவதாக, “கொக்கித் தாழ்?” என்றார். வீட்டு வண்டியைப் பிக்கப்போடு பூட்டும் தாழ் அது. ஆஸ்கார்ட் கை வைத்துப் பார்த்தார். தாழ் விழவே இல்லை. வீட்டு வண்டி பிக்கப்பின் இழுவைக் குண்டின் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கச் சங்கிலி தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. பாலத்தின் முதல் பலகையில் ஏறிக் குலுங்கியிருந்தால் கழன்று குறுக்கே விழுந்திருக்கும், பின்னால் நாங்கள் எல்லாரும் தீயில் மாட்டியிருப்போம். அவர் ஜாக்கியைச் சுற்றி, கொக்கியைத் தூக்கி, சரியாக இறக்கி, தாழ் போட்டு, அதில் இரும்பு ஊசியைச் செருகினார். அதன் பிறகு பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு.

அதற்குள் நாங்களும் இறங்கி, யாரும் சொல்லாமலே, அவரவர் வண்டியைத் தொட்டு வரிசை சொல்ல ஆரம்பித்திருந்தோம். என் வண்டியின் இரும்புப் படி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பாலத்தின் கைப்பிடியில் நிச்சயமாக மாட்டியிருக்கும். பூன் வண்டியில் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டை ஒன்று அடியில் சிக்கியிருந்தது. அவன் குனிந்து அதை உருவி எடுத்தான்.

ஒன்பது வண்டிகளும் நிற்காமல் தாண்டின. கடைசி வண்டி அக்கரை ஏறும்போது பாலத்தின் மரம் புகைந்துகொண்டிருந்தது. இருபத்திரண்டு பேரும் வெளியே வந்தோம்.

ஏழு நிமிடம் மறித்தார் என்று எழுதியது உண்மைதான், நிமிடக் கணக்கு சரி. ஏன் மறித்தார் என்பதை யாரும் எழுதவில்லை. தாழை மறந்தவர் என்று ஆலையில் அவரைக் கேலி செய்தார்கள். ‘ஏழு நிமிஷம்’ என்றே பெயர் வைத்தார்கள். அவர் ஒரு பதிலும் சொல்லாமல் இருபது வருடம் அதே ஆலையில் ரம்பம் ஓட்டி, அந்தப் பெயரோடு செத்தார். அவர் மறக்கவில்லை. அவர் வரிசையில் கை வைத்தவன் நான். பயத்தில் சொல்லவில்லை, பிறகு வெட்கத்தில் சொல்லவில்லை.

இந்தக் காகிதத்தை அதிகாரி எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார். நான் சொன்னதுதான் இதில் இருக்கிறது, கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. யாரும் மிரட்டியோ ஆசை காட்டியோ சொல்லவில்லை. என் கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன்.

X (ஹோபர்ட் டீஸ்டேல் இட்ட குறி)

இதற்கு வேறு சாட்சி உண்டா என்று அதிகாரி கேட்டதற்குச் சொல்கிறேன்: கிளீட்டஸ் பூன் இல்லை, குவிம்பி இல்லை, ஜீப்காரர் இல்லை. அந்த இருபத்திரண்டு பேரில் என்னைத் தவிர இன்று உயிரோடு இருப்பவர் ஒருவர்தான், மேற்படி வெண்டெலின் மனைவி, வயது எண்பத்தொன்பது, மார்லிஸ் ஆஸ்கார்ட்.