பியானோவுக்கு ஓர் உலர்ந்த அறை

பியானோ வாங்கப் போகிறவர்கள் முதலில் அதன் பளபளப்பைப் பார்க்கிறார்கள். அது தவறு. பின்பக்கம் போய் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். அங்கே அகலமாக ஒரு பலகை இருக்கும். ஒலி அதிலிருந்துதான் பிறக்கிறது. அதில் விரிசல் இருந்தால் வாங்கக் கூடாது. இதை எனக்குச் சொல்லித்தந்தவர் ஊட்டியில் பியானோ பழுதுபார்க்கும் சுபுஹான் பாய். நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது, இன்ஸ்பெக்டர் சார். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

நான் பந்தலூர்ப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் டீ மேக்கர். பச்சை இலை உள்ளே வந்து தூளாக வெளியே போகும்வரை ஃபேக்டரியில் எல்லாம் என் பொறுப்பு. இப்போது தூளை வாங்க ஆளில்லை. ஃபேக்டரி வாரத்தில் இரண்டு நாள் ஓடியது, பிறகு ஒரு நாள். முதலாளிகள் பங்களாக்களைக் காலி செய்துகொண்டு போனார்கள். அதனால்தான் பியானோக்கள் விற்பனைக்கு வந்தன.

என் மகள் இந்து ஊட்டி கான்வென்டில் தங்கிப் படித்தவள். பியானோவில் கடைசிப் பரீட்சை ஒன்று மட்டும் பாக்கி. நவம்பரில் அதில் தேறினால் பெங்களூரில் ஒரு பள்ளியில் வேலைக்குச் சேர்த்துவிடுவதாக சிஸ்டர் சொல்லியிருந்தார். எங்கள் மூன்று பேரில் ஒருவராவது இந்த மலையைவிட்டு இறங்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

மூன்று பியானோக்கள் பார்த்தோம். குன்னூரில் இருந்தது கண்ணாடி மாதிரி மின்னியது. கம்பியை இழுத்துப் பிடிக்கும் ஆணி ஒன்றை சுபுஹான் பாய் வெறும் விரலால் திருப்பிக் காட்டினார். "இது மாப்பிள்ளை மாதிரி சார், போட்டோவுக்கு நல்லா நிக்கும். வேலைக்கு ஆகாது." ஊட்டியில் பார்த்ததில் கரையான் குடியிருந்தது. மூன்றாவது நாடுகாணிக்குப் பக்கத்தில் ஒரு பங்களாவில் கிடந்தது. மேல்மூடியெல்லாம் டம்ளர் வைத்த வட்டங்கள். ஆனால் பலகையில் ஒரு கீறல்கூட இல்லை. இந்து உட்கார்ந்து கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு கட்டையாக மெதுவாக அமுக்கினாள். பிறகு கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். கடைசி ஒலி அடங்க வெகுநேரம் ஆயிற்று. 

"எடுத்துக்குங்க சார்," என்றார் பாய். "ஆனா உலர்ந்த ரூம்ல வைக்கணும். உங்க ஊர் மழையில மரம் ஊறிச்சுன்னா அமுக்கின கட்டை எந்திரிக்காது. ஒரு சீசன் போதும், செத்துரும்."

ஈரத்தை அளப்பது என் தொழில். இலை வாட்டும் மாடியில் இரட்டைத் தெர்மாமீட்டர் ஒன்று தொங்கும். ஒன்றின் முனையில் நனைந்த துணி சுற்றியிருக்கும். இரண்டும் காட்டும் எண்களுக்கு நடுவே வித்தியாசம் கூடினால் காற்று உலர்ந்திருக்கிறது என்று அர்த்தம். அதை வீட்டுக்கு எடுத்துவந்து அறை அறையாகத் தொங்கவிட்டேன். முன்னறையில் இரண்டு டிகிரி. வடக்கு அறையில் ஒன்று. சமையலறைப் புகைபோக்கியை ஒட்டிய நடு அறையில் ஆறு. அங்கேதான் என் மனைவி வேலாமணி ஒன்பது வருஷமாகப் படுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மூச்சிரைப்பு.

"ஏனுங்க, கட்டிக்கிட்டு வந்து இருவத்திரண்டு வருசமாச்சு. எனக்கு ஒரு நாளாச்சும் தெர்மாமீட்டர் வெச்சுப் பாத்திருக்கீங்களா?" என்று சிரித்தாள். பிறகு அவளே படுக்கையைச் சுருட்டினாள். "வரட்டும். மாப்பிள்ளை வந்தாலும் ரூம் விட்டுத்தானுங்களே ஆகோணும்."

பியானோ நடு அறைக்கு வந்தது, அவள் வடக்கு அறைக்குப் போனாள். ஜூனில் மழை பிடித்தது. வடக்கு அறையில் இரண்டே வாரத்தில் அவளால் படுக்க முடியாமல் போயிற்று. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். எஸ்டேட் டாக்டர் என்னைத் திட்டினார். பியானோவையும் அவளையும் ஒரே அறையில் வைக்க முடியாது. அவள் நாளுக்கு மூன்று முறை ஆவி பிடிப்பவள்.

"அப்பா, பியானோவைத் திருப்பிக் குடுத்தர்லாங்க," என்றாள் இந்து. "அது போனாப் போகுது."

மனைவியை ஏன் ஊருக்கு அனுப்பவில்லை என்று கேட்டீர்கள். அவிநாசியில் அண்ணன் வீட்டுக்குப் போய் மழை முடிய வருகிறேன் என்று வேலாமணியே கேட்டாள். நான்தான் வேண்டாம் என்றேன். அவள் போனால் பார்த்துக்கொள்ள இந்துவும் போவாள். போனவள் திரும்ப மாட்டாள்.

ஃபேக்டரியில் விறகு குறைந்தால் சூட்டுக் காற்று எல்லா இலைக்கும் பற்றாது. எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் கொடுத்தால் எல்லாமே கெடும். டீ மேக்கர் ஒன்றைக் காப்பாற்றி மற்றதைக் கைவிடுவான். கைவிட்ட இலைமேல் யாருக்கும் கோபம் கிடையாது.

ஜூலை பதினொன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேலாமணி அசந்து தூங்கினாள். கரிச்சட்டியை நிறையப் பற்றவைத்து வடக்கு அறையில் வைத்தேன். கரி எரியும் அறையில் ஜன்னல் ஒரு சாணாவது திறந்திருக்க வேண்டும் என்று மலைக்கு வேலைக்கு வருகிறவனுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள். நான் ஜன்னலை மூடி, இடுக்கில் சாக்குத் துணி திணித்தேன். கதவை வெளியே தாழிட்டேன். பிறகு நடு அறைக்குப் போய், பரீட்சைப் பாடத்தை முதலிலிருந்து வாசிக்கும்படி இந்துவிடம் சொன்னேன்.

அரைமணி கழித்துச் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. மூச்சு முட்டினால் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். இந்து கையை நிறுத்தினாள்.

"அம்மா தாளம் போடறா கண்ணு," என்றேன். "நிறுத்தாதே."

அவள் வாசித்தாள். தட்டலும் சிறிது நேரம் தாளத்தோடுதான் விழுந்தது.

நான்கு மணிக்குத் தாழை நீக்கி ஜன்னலைத் திறந்தேன். தெர்மாமீட்டரில் பதினொரு டிகிரி வித்தியாசம். அந்த அறை அவ்வளவு உலர்ந்து நான் பார்த்ததே இல்லை. மணி, எண், ஜன்னல் மூடியிருந்தது என்ற குறிப்பு, எல்லாவற்றையும் நோட்டில் எழுதினேன். இருபது வருஷப் பழக்கம். எழுதிய பிறகுதான் அவளைப் பார்த்தேன்.

மழைக்காலத்தில் கரிப்புகைக்கு ஒருவர் இருவர் போவது இங்கே வழக்கம். யாரும் என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை. நோட்டை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தவள் இந்து என்கிறீர்கள். இருக்கலாம். அந்த எண்களைப் படிக்க அவளுக்குச் சொல்லித்தந்தவன் நான். எழுதிக்கொள்ளுங்கள். வேலாமணியை நான்தான் கொன்றேன்.

அன்றிலிருந்து இந்து பியானோவின் மூடியைத் திறக்கவே இல்லை என்றும் சொன்னீர்கள். இது ஆகஸ்ட் மாதம், சார். இந்த ஈரத்தில் அதைத் திறக்காமல் வைத்திருப்பதுதான் நல்லது. என் மகளுக்கு அது தெரிந்திருக்கிறது.