மூன்றாவது திருத்தம்

— கதவுலேர்ந்து கையை எடு, வெண்டல். என் தம்பி மழையில நனையுறான்.

— நனையட்டும், நாடீன். பட்டாளத்து உடுப்புல வந்து நிக்கிறான் பாரு. நம்ம அமெரிக்க அரசியல் சட்டம், மூணாவது திருத்தம். அமைதிக் காலத்துல வீட்டுக்காரன் சம்மதம் இல்லாம எந்தச் சிப்பாயும் எந்த வீட்டுலயும் தங்கக் கூடாது. நான் சொல்லலை, வாசகம் சொல்லுது.

— மச்சான், நான் ரஸ்ஸல். உங்க கல்யாணத்துல மோதிரத்தைத் தொலைச்சுட்டுத் தேடினவன்.

— உன்னைத் தெரியாமலா? ஆளு யாரா இருந்தா என்ன, சட்டம் சட்டம்தான்.

— கிழிச்சுது. இங்கிலாந்து ராஜா தன் பட்டாளத்தைக் கண்டவன் வீட்டுல திணிச்சான்னு எழுதி வெச்ச சட்டம் அது. இவனை எந்த ராஜா அனுப்பினான்? நான்தான் போன் போட்டு வரச் சொன்னேன்.

— என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டியா?

— கேட்டா என்ன சொல்லுவே? வீட்டோ. பெரிய ஜனாதிபதி மாதிரி ரத்து அதிகாரம். ஆஸ்பத்திரி வேலைக்குப் போறேன்னேன், வீட்டோ. எங்கம்மா கிறிஸ்துமஸுக்கு வரட்டும்னேன், வீட்டோ. நாய்க்குப் பேரு வெக்கிறதுக்குக்கூட வீட்டோ.

— அதுக்கும் சட்டத்துல வழி இருக்கே. மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வாங்கினா என் வீட்டோவைத் தள்ளிடலாம். நான் என்ன சர்வாதிகாரியா?

— வீட்டுல இருக்கிறதே ரெண்டு பேரு. மூணுல ரெண்டுக்கு நான் எங்க போக? பக்கத்து வீட்டுல கைமாத்து வாங்கவா?

— மச்சான், நான் உள்ள வந்தா மூணு பேரு.

— அதுக்குத்தான் உள்ள விடலை.

— கேட்டுக்கோ ரஸ்ஸல். குப்பையைக் கொண்டுபோய் வெளிய வைன்னா, இந்த நாட்டுல அடிமைத்தனத்தை ஒழிச்சாச்சும்பாரு. எங்க போயிட்டு வர்றேன்னா, எனக்கு எதிரா நானே சாட்சி சொல்ல மாட்டேம்பாரு. அது அஞ்சாவது திருத்தமாம். என்னைப் பேச விடுன்னா மட்டும், இந்த மனுஷன் சட்டப் புஸ்தகத்துல முதல் திருத்தம் இருக்கிற பக்கம் காணாமப் போயிடும்.

— காணாமப் போகலை. உன் பேச்சுரிமை அரசாங்கத்துக்கிட்டதான் செல்லும், புருஷன்கிட்ட செல்லாது. வாசகத்தை ஒழுங்காப் படி.

— ஓகோ. பேச்சுரிமைன்னு வந்தா அது அரசாங்கத்துக்கு மட்டும். சிப்பாயைத் தடுக்கிறதுன்னு வந்தா மச்சினனுக்கும் சேர்த்து. ரொம்ப நல்ல சட்டம்.

— இவ்வளவு வாய் பேசுறியே, வீட்டுக்குள்ள எதுக்குக் கோட்டு மாட்டிட்டு நிக்கிறே?

— குளிருது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்தே குளிருது.

— சரிங்க மச்சான். உங்க சம்மதம் இல்லாம நான் படி ஏற மாட்டேன். வாசல்ல இருக்கிற அந்தப் பச்சைப் பையை மட்டும் எடுத்துக்கட்டுமா?

— தாராளமா எடு. முதல்ல உன் மூட்டையை என் வாசலைவிட்டுத் தூக்கு.

— யப்பா. அக்கா, இதுல என்னதான் வெச்சே? இந்தக் கனம் கனக்குது.

— என் துணிமணி. அப்புறம் அம்மா கொடுத்த இரும்பு வாணலி.

— உன் துணியா? அது அவன் பை இல்லையா?

— அவன் இங்க தங்க வரலை, வெண்டல். என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கான். டிரக் இன்ஜினைக்கூட அணைக்கலை, உன் காதுல விழலையா?

— நாடீன், நில்லு. இதுக்கு வீட்டோ.

— உன் புஸ்தகத்தை நேத்து முழுசாப் படிச்சுட்டேன். சேர்ந்தவங்க பிரிஞ்சு போகக் கூடாதுன்னு அதுல ஒரு வரிகூட இல்ல.

— வரி இல்லைன்னா? உள்நாட்டுப் போர் சமயத்துல நம்ம டென்னசி மாநிலமும் அந்தத் தைரியத்துலதானே நாட்டைவிட்டுப் பிரிஞ்சு போச்சு. என்ன ஆச்சு? பட்டாளத்தை அனுப்பித் திரும்ப இழுத்துட்டு வந்தாங்க.

— அப்ப அனுப்புங்க மச்சான். இங்க இருக்கிற ஒரே பட்டாளத்தைத்தான் நீங்க உள்ளயே விடலையே.